பத்தொன்பது ஆண்டுகள் கூட நின்றவர்கள்

(கே.ஜி.கண்டிகையில் மகளிர் குழுக்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மோதல் நடந்த ஊர்களில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும், நம் பக்கத்தில் ஏது சண்டை, ஏது போர் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். தோன்றுவது இயல்புதான். மலை மேல் முருகன், கீழே வயலும் தறியும் என்று இருக்கிற சீமை இது. பெரியவர்கள் நினைவில் இருக்கிற பெரிய பூசல் எல்லைப் போராட்டம். ம.பொ.சி.யும் கே.விநாயகமும் ஊர் ஊராகப் பேசினார்கள், சிறைக்குப் போனார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதன் பிறகு தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் ஒரே சந்தையில் காய் வாங்குகிறோம், ஆடிக் கிருத்திகைக்கு ஒன்றாகத்தான் காவடி எடுக்கிறோம். அந்த அமைதியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம் இருக்கிறது, பக்கத்தில் புழலிலும் ஒரு முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகும் 1990க்குப் பிறகும் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே மூன்று தலைமுறையாக வாழ்கின்றன. மாவட்டம் முழுக்க உள்ள செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. அந்தப் பெண்களில் யார் எதைத் தாண்டி வந்தார் என்று நாம் கேட்டதில்லை. அவர்களாகச் சொல்லும்படி நாம் நடந்துகொண்டதும் இல்லை. போர் முடிந்த ஊரிலிருந்து பெண் கிளம்பி வந்துவிடுகிறாள்; அவள் உடம்பில் நடந்தது அவளோடுகூடவே வந்துவிடுகிறது. அதனால் இந்தப் பேச்சு கே.ஜி.கண்டிகைக்கும் உரியதுதான்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். இப்படிப்பட்ட கொடுமையில் பெரும்பாலும் குற்றவாளியின் கையில் அதிகாரம் இருக்கும், சீருடை இருக்கும். எந்த வாசலில் போய் முறையிட வேண்டுமோ அந்த வாசலே அவளுக்கு அடைபட்டிருக்கும். அப்போது அவளுக்கு மிச்சம் இருப்பது அக்கம்பக்கத்து மனிதர்கள் மட்டும்தான். அவர்கள் ஒரு நாள் இரக்கப்பட்டுப் போய்விட்டால் பயன் இல்லை. வருடக்கணக்காகக் கூட நிற்க வேண்டும். இதை எங்கோ உள்ள நாட்டை வைத்துச் சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டில், சித்தேரி மலை அடிவாரத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

வாச்சாத்தி என்ற பெயரை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டத்தில் உள்ள சின்ன ஊர். மலையாளி என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1990களின் தொடக்கத்தில் அந்த மலைப்பகுதி முழுக்க சந்தனக் கட்டைக் கடத்தலைத் தடுப்பது, வீரப்பனைப் பிடிப்பது என்ற பெயரில் வனத்துறையும் போலீசும் நிறைந்து கிடந்தன. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். ஊர்மக்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். அங்கிருந்து 18 பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துப் போனார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 13 வயதுப் பிள்ளை.

அதோடு முடியவில்லை. பெண்களை அரூர் வனச்சரக அலுவலகத்தில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள், சந்தனக் கட்டை வழக்கில். ஆண்களில் பலர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், ஆடு மாடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். சிறையிலிருந்து வெளியே வந்த பெண்ணுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, கொதிக்க வைக்க ஒரு பானை இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? போலீசிடமா? வந்தவர்களே அவர்கள்தான். தாசில்தாரிடமா? வந்த கூட்டத்தில் வருவாய்த்துறையும் இருந்தது. அரசுத் தரப்போ அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது. அதே 1992ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. நல்ல காரியம்தான். எத்தனையோ பெண்களுக்கு அது வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசல் வாச்சாத்திக்குத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில் நடந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

திறந்த வாசல் வேறு. அடுத்த மாதம் சித்தேரி மலையில் மலைவாழ் மக்கள் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அங்கே வாச்சாத்தியின் சேதி அரசல் புரசலாகக் காதில் விழுந்தது. சங்கத்தின் பெ.சண்முகமும் தோழர்களும் ஊரைப் போய்ப் பார்த்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஊரைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதியதோடு அவர்கள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ.நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். மாதர் சங்கத்திலிருந்து மைதிலி சிவராமன் போன்றவர்கள் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி, தேசிய தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்திடம் கொண்டு போனார்கள். ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து, கொடுமை நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அவரும் ஓர் அரசு அதிகாரிதான். உண்மையை எழுதிய அந்த அதிகாரியின் பெயரை நாம் மறக்கக் கூடாது.

1995ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. பிறகு தொடங்கியது காத்திருப்பு. அடையாள அணிவகுப்பு என்று ஒன்று நடந்தது. நூற்றுக்கணக்கான ஆண்களை வரிசையாக நிறுத்தி, உன்னைக் கெடுத்தவன் இவர்களில் யார், தொட்டுக் காட்டு என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, காட்டைத் தாண்டிப் போய்ப் பழகாத பெண்கள் அந்த வரிசையின் முன்னால் நடந்தார்கள், முகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள், காட்டினார்கள். வழக்கு ஊர் ஊராக மாறி கடைசியில் தருமபுரிக்கு வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று மாவட்ட முதன்மை அமர்வு நீதிபதி எஸ்.குமரகுரு தீர்ப்புச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேருக்குப் பாலியல் வன்கொடுமைக்காக ஏழு ஆண்டும் பத்து ஆண்டும் சிறை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பு சொன்னது.

கொடுமை நடந்து 31 ஆண்டுகள். அந்தப் 13 வயதுப் பிள்ளைக்கு 44 வயது.

தீர்ப்பு வந்ததும் எல்லோரும் நீதி வென்றது என்று எழுதினார்கள். நான் அந்த வழக்கைப் படிக்கும்போது வேறொன்றைத்தான் தேடினேன். இத்தனை ஆண்டுகள் அந்தப் பெண்கள் எப்படிப் பின்வாங்காமல் இருந்தார்கள்? பணம் கொடுத்து வாயை அடைக்க ஆள் வராமல் இருந்திருக்குமா? மிரட்டல் வராமல் இருந்திருக்குமா? நீதிமன்றத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகும். கைக்குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் கிளம்பினால் ராத்திரிதான் வீடு. போனால் வக்கீல் வரவில்லை, அடுத்த மாதம் வா என்பார்கள். என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். நல்ல வழக்குகள் பெரும்பாலும் நீதிபதியின் முன்னால் தோற்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் தோற்றுப்போகின்றன. மூன்றாவது வாய்தாவுக்கு, நாலாவது வாய்தாவுக்கு அந்தப் பெண் தனியாக நிற்கிறாள். ஐந்தாவதுக்கு அவள் வருவதில்லை.

வாச்சாத்திப் பெண்கள் தனியாக நிற்கவில்லை. ஊரே பாதிக்கப்பட்டதால் ஊர்மக்கள் எல்லோருமே வழக்குக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். யாரும் யாரையும் பார்த்து, நீ கெட்டுப்போனவள் என்று சொல்ல முடியாத நிலை. சங்கம் கூட வந்தது, வண்டிச் செலவைப் பார்த்தது, சாட்சி சொல்லும் நாளில் வெளியே காத்திருந்தது. துணை நிற்பது என்று நான் சொல்வது இதைத்தான். டிக்கெட், டிபன், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், திரும்பி வரும்போது வழியில் பேச ஒரு தோழி. இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மகளிர் குழுவில் வாரச் சந்தா வசூலித்து, வங்கிக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டத் தெரிந்த உங்களுக்கு இது முடியாதா?

அதே காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீரப்பன் வேட்டையின்போது தமிழ்நாடு, கர்நாடகக் கூட்டு அதிரடிப்படை பிடித்துச் சென்ற மலைமக்கள் ஏராளம். மாதேஸ்வரன் மலையில் சித்திரவதைக்கென்றே ஓர் இடம் இருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007ல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பணம் வந்தது, சரி. ஆனால் கொடுமை செய்தவர்களை வாச்சாத்தியைப் போலக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. அந்த மக்களின் கதையை வழக்கறிஞர் ச.பாலமுருகன் ‘சோளகர் தொட்டி’ என்ற நாவலாக 2004ல் எழுதினார். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்கி வையுங்கள்.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். 2007 ஆகஸ்டில் ஆந்திராவின் விசாகப்பட்டினம் மலைப்பகுதியில் வாகப்பள்ளி என்ற ஊருக்கு, மாவோயிஸ்டுகளைத் தேடுகிறோம் என்று போலீசின் கிரேஹவுண்ட்ஸ் சிறப்புப் படை போனது. படையினர் தங்களைக் கெடுத்தார்கள் என்று 11 ஆதிவாசிப் பெண்கள் புகார் சொன்னார்கள். அந்தப் பெண்களும் பின்வாங்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் விசாரணையே தொடங்கியது. 2023 ஏப்ரலில் விசாகப்பட்டினம் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரையும் விடுதலை செய்தது. புலனாய்வு அதிகாரிகள் விசாரணையை ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை நீதிமன்றமே சொன்னது. அந்தப் பெண்களுக்கு இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஒரே ஆண்டில், 2023ல், வாச்சாத்திக்கு ஒரு முடிவு, வாகப்பள்ளிக்கு வேறொரு முடிவு. முதல் சில நாட்களில் எடுக்க வேண்டிய சாட்சியத்தை எடுக்காமல் விட்டால் பதினாறு ஆண்டு உறுதியும் வீணாகிவிடுகிறது. முதல் மூன்று நாட்களைப் பற்றிப் பிறகு நான் விளக்கமாகச் சொல்லப்போவது இதனால்தான்.

இலங்கைக்கு வருகிறேன். 2009 மே மாதம் போர் முடிந்தது. மெனிக் பாம் என்ற ஒரே இடத்தில் லட்சக்கணக்கான தமிழ் மக்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். 2012 செப்டம்பரில்தான் அது மூடப்பட்டது. 2010ல் அந்நாட்டு அரசின் துணை அமைச்சர் ஒருவரே வடக்கிலும் கிழக்கிலும் 89,000 போர் விதவைகள் இருப்பதாகச் சொன்னார். தலைக்கு மேல் கூரை இல்லை, வீட்டில் ஆண் துணை இல்லை, தெரு முனையில் ராணுவ முகாம். ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன நெருக்கடி வேண்டும்? 2015 செப்டம்பரில் வெளியான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, காவலில் வைக்கப்பட்ட பெண்களுக்கு மட்டுமல்லாமல் ஆண்களுக்கும் பாலியல் கொடுமை நடந்ததைப் பதிவு செய்தது. ஆண்கள் அதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பின்னால் நிற்கும் தம்பிகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். உங்கள் நண்பன் ஒருவன் திடீரெனக் குடிக்கத் தொடங்கினால், ராத்திரி அலறி எழுந்தால், கேலி பேசுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.

அந்த இருட்டுக்குள்ளும் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். போரால் இடம்பெயர்ந்து கொழும்பில் தங்கியிருந்த பெண்களுக்கு நடுவே 1990களின் தொடக்கத்தில் பிறந்து, பிறகு மட்டக்களப்புக்குப் போய் வேரூன்றியது சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். போர் ஒருபுறம் நடந்துகொண்டிருக்கும்போதே வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அது ஆறுதலும் சட்ட உதவியும் கொடுத்தது. பாட்டும் நாடகமும் வழியாக ஊர்களில் பேசியது. வீட்டுக்குள் நடக்கும் அடி உதையையும் ராணுவம் செய்த கொடுமையையும் அவர்கள் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. போர் முடிந்த ஊரில் துப்பாக்கி பிடித்த கை வீட்டுக்குத் திரும்பி வந்து மனைவியை அடிக்கிறது. முதல் குற்றத்துக்கு மட்டும் கொடி பிடித்துவிட்டு இரண்டாவதற்கு அது அவர்கள் குடும்ப விவகாரம் என்று சொன்னால், அந்தப் பெண் எந்தக் காலத்திலும் நம்மிடம் வாய் திறக்க மாட்டாள். இங்கே தமிழ்நாட்டில் சந்திரகாசன் 1984ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வி, உடல்நலம் என்று வேலை செய்து வருகிறது. அகதிகள் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்ள அமைத்த அமைப்பு அது.

உலகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம் பெண் ஒருவர் வருகிறார். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில், கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழர்களின் வம்சத்தில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. 1994ல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் அவர் நீதிபதி. அகாயேசு என்ற நகரத் தலைவர் மீதான வழக்கில் முதலில் பாலியல் வன்கொடுமை என்ற குற்றச்சாட்டே இல்லை. கொலை, தூண்டுதல் என்றுதான் பட்டியல். சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைத் தானாகச் சொன்னார். இன்னொரு பெண்ணும் பேசினார். நீதிபதிகள் நிறுத்திக் கேட்டார்கள். கேட்டதால் 1997ல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு கருவியாக இருக்க முடியும் என்று உலகில் முதல்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் பெண் நவநீதம் பிள்ளை ஒருவர்தான். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அதே நீதிமன்றத்து வழக்குகளின் மறுபக்கம் வேதனையானது. சிறையில் இருந்த குற்றவாளிகளுக்கு ஐ.நா. செலவில் எச்.ஐ.வி. மருந்து கிடைத்தது. அவர்களால் அந்த நோய்க்கு ஆளாகி, சாட்சி சொல்ல வந்த பெண்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. நீதிமன்றம் தன் வேலையை முடித்த பிறகும் உடம்பு என்ற ஒன்று மிச்சம் இருக்கிறது. காங்கோவில் புகாவு நகரில் 1999ல் பான்சி மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் டெனிஸ் முக்வெகே இதை உணர்ந்திருந்தார். அறுவை சிகிச்சை, மனநல ஆறுதல், சட்ட உதவி, பிழைப்புக்குத் தொழில், நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி செய்தார். 2018ல் அவருக்கும் ஈராக்கின் யாசிதி இனப் பெண் நாதியா முராதுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நான்கும் ஒரே கூரையின் கீழ் என்ற யோசனை நம் நாட்டிலும் இருக்கிறது. 2015லிருந்து மாவட்டந்தோறும் ‘சகி’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் அமைக்கப்படுகிறது. 181 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். குழந்தை என்றால் 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. மனம் உடைந்தவர்களுக்கு டெலி மனாஸ் 14416. இந்த எண்களை மகளிர் குழுவின் வரவு செலவு நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இனி அந்த முதல் மூன்று நாட்கள். உங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்துவிட்டது, அவள் உங்களிடம் வந்து சொல்கிறாள் என்றால், முதலில் கதவைச் சாத்தி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஏன் போனாய், ஏன் கத்தவில்லை என்று கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு மரத்துப்போய்க் குரலே எழும்பாது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. முடிந்தால் குளிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். குளித்துவிட்டாள் என்றாலும் போங்கள். கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரை உண்டு, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் மருந்து உண்டு. எச்.ஐ.வி. மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். முதலில் போலீசில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்ப முடியாது. அப்படி அனுப்பினால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். இரண்டு விரல் பரிசோதனை என்ற அவமானத்தை உச்ச நீதிமன்றம் 2013லேயே கண்டித்தது. 2022 அக்டோபர் 31 தீர்ப்பில் அதைச் செய்கிறவர்கள் நடத்தை விதிமீறல் குற்றவாளிகள் என்றே சொல்லிவிட்டது. யாராவது செய்ய வந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது.

எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு சேதி முக்கியம். நகரியிலோ புத்தூரிலோ நடந்த குற்றத்துக்குத் திருத்தணியில் புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை, ஆந்திராவுக்குப் போ என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது தெளிவாகவே எழுதப்பட்டுவிட்டது. வாக்குமூலத்தை அவள் இருக்கும் இடத்துக்கே வந்து பெண் போலீஸ் வாங்க வேண்டும். கூடவே பெற்றோரோ நெருங்கிய உறவினரோ சமூக சேவகரோ இருக்கலாம். அந்தச் சமூக சேவகராக உங்களில் ஒருவர் போய் உட்காரலாம்.

சட்டம் எழுதிவிட்டால் மட்டும் நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மணிப்பூரில் 2023 மே 4 அன்று பெண்களை நிர்வாணமாக ஊர்வலம் விட்டார்கள். மே 18லேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவானது. ஆனால் ஜூலை 19 அன்று அந்தக் காணொளி நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் கைது நடந்தது. காகிதம் இரண்டு மாதம் தூங்கியது. அதைத் தட்டி எழுப்ப ஆள் வேண்டும். புகாரின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குவது, வாரம் ஒருமுறை நிலையத்துக்குப் போய் என்ன ஆயிற்று என்று கேட்பது, இதையெல்லாம் பாதிக்கப்பட்ட பெண் செய்யக் கூடாது. நான்கு பேர் சேர்ந்து போக வேண்டும். அந்தக் காணொளியைப் பற்றி இன்னொன்று. எத்தனை ஆயிரம் பேர் அதை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள்! கோபத்தில் அனுப்பியவர்களும் உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். அவள் அந்தப் படத்தோடு வாழ்நாள் முழுக்க வாழ வேண்டும். உங்கள் போனுக்கு வந்தால் அழித்துவிடுங்கள்.

இழப்பீடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்தால் இடைக்கால நிவாரணமே கிடைக்கும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, மருத்துவப் பரிசோதனை முடிந்து அறிக்கை வந்ததுமே பாதித் தொகை தர வேண்டும். அந்தப் பணத்தை வாங்குவது இழிவு என்று சில குடும்பங்களில் சொல்கிறார்கள். இழிவு ஒன்றும் இல்லை. அது அவள் மருந்துக்கும் பயணத்துக்கும் வேண்டிய பணம். அரசு கொடுக்கக் கடமைப்பட்ட பணம். அதை அண்ணனோ கணவனோ பறித்துக்கொள்ளாமல் அவள் பெயரில் வங்கிக் கணக்கில் போட வைப்பதும் நம் வேலை.

பேசி முடிப்பதற்கு முன் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒன்று நடந்ததும் பஞ்சாயத்து கூடுகிறது. பையனுக்கே கட்டிவைத்துவிடலாம், ஏதாவது தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம், இரண்டு சாதிக்கும் சண்டை வந்துவிடும், ஊர் அமைதி கெடும் என்கிறார்கள். ஊர் அமைதிக்கு ஒரு பெண்ணை விலையாகக் கொடுக்கும் உரிமை எந்தப் பஞ்சாயத்துக்கும் கிடையாது. கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது அவளைத் தினமும் அந்தக் குற்றத்துக்குள் தள்ளுவது. பெண் 18 வயதுக்குக் கீழ் என்றால் தெரிந்தும் மறைப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம். சமரசம் பேசியவர்களும் மாட்டிக்கொள்வார்கள். வாச்சாத்தியில் ஊர்க்கட்டு என்ற ஒன்று பெண்களுக்காக நின்றது. நம் பக்கத்து ஊர்க்கட்டும் அப்படி நிற்கட்டும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. இனி உங்கள் கேள்விகள். தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கேட்கலாம். மேடையில் எழுந்து கேட்கச் சங்கடமாக இருந்தால் வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சீட்டில் எழுதிப் போடுங்கள், பெயர் எழுத வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்கிறவர்கள் கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, நான் இருந்து கேட்டுவிட்டுத்தான் போவேன்.